முகிலுக்குள்ளே ஒரு கக்கூஸ்

என்ன வேலை என்று கேட்டால் அருள்மலர், "தண்ணி வேலை" என்பாள். பொய்யில்லை. டென்மார்க்கின் ஓல்போர்க் நகரத்தார் கழித்துவிடுவதெல்லாம் குழாய்வழியே வந்து சேரும் கழிவுநீர் நிலையத்தில், அழுக்கை வடித்துத் தெளிந்த தண்ணீரைக் கடலுக்கு அனுப்புவது அவள் பாடு. அவள் போகும் தமிழ்க் கிறிஸ்தவ சபையார் அதைக் குடிதண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள், அவளும் திருத்தவில்லை. சபை விருந்துக்கெல்லாம் கட்லட் பொரிப்பது அவள்தான். உண்மை தெரிந்தால் அந்தக் கையால் யார் வாங்கித் தின்பார்கள்? நம் சனத்துக்கு வேதம் வாயில் இருக்கும், பழைய அருவருப்பு வயிற்றில் இருக்கும்.

நிலையத்தில் அவளோடு வேலை செய்து ஓய்வுபெற்றுப் போன பிறேபன் என்ற டேனிஷ்காரர், தான் வளர்த்த செடியொன்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். "கவனமாகப் பார். இதுவும் நம்மோடு வேலை செய்கிற ஆள்தான்" என்று கண் சிமிட்டினார். போர்ணியோ மலைகளின் குடுவைச் செடி அது. இலை நுனியில் குடுவை தொங்கியது. மரம்போல் இறுகி, இடை சிறுத்து, வாய் அகன்றிருந்தது. அண்ணாந்து திறந்த மூடியின் உட்புறத்தில் வெள்ளையாய் ஏதோ கசிந்திருந்தது.

வெப்ப நாட்டுச் செடி, நம்மைப்போலக் குளிரும் பாவம் என்று ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். அது வாடிப்போனது. பிறேபனைக் கேட்டால், இரவில் குளிர் இல்லாவிட்டால் அது பிழைக்காது என்றார். இதென்ன கூத்து, அதன் ஊரைத்தான் பார்ப்போமே என்று போனில் ஒரு படத்தைப் போட்டாள். அடுப்பில் வைத்த சோற்றை அத்தோடு மறந்தாள்.

அங்கே முகில் மரங்களுக்குள்ளேயே நடமாடியது. குட்டையான கோணல் மரங்கள், கிளையெல்லாம் பாசி, பாசியெல்லாம் ஈரம். அதற்குள்ளே குடுவைகள் வாய் திறந்து காத்திருந்தன. அணிலும் மூஞ்சூறும் கலந்த மாதிரி ஒரு பிராணி ஏறி வந்து, விளிம்பில் குந்தி, மூடியில் கசிந்த வெள்ளையை நக்கியது. நக்கும்போது அதன் பின்பக்கம் சரியாகக் குடுவையின் வாய்க்கு நேரே இருந்தது. வயிறு நிறைந்ததும் காலைக்கடனையும் அங்கேயே முடித்துவிட்டு இறங்கிப் போனது. அந்த எச்சம்தான் செடிக்குச் சாப்பாடாம். மலை மண்ணில் சத்தில்லையாம். மூடிக்கும் விளிம்புக்கும் இடையில் அந்தப் பிராணியின் உடம்பளவு தூரம், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

அருள்மலருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "ஆண்டவரே, கக்கூஸையும் நீரா கட்டினீர்?" என்று வாய்விட்டே கேட்டாள். ஆள் ஏறாத உச்சியில், உலகம் மூக்கைப் பொத்துகிற ஒன்றுக்கு, இவ்வளவு அழகாக ஒரு பாத்திரம் வனைந்திருக்கிறாரே! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கே இல்லாத வெட்கம் எனக்கெதற்கு என்று நினைத்தாள்.

சனிக்கிழமை ஜெபக்கூட்டம் அவள் வீட்டில். கட்லட் மேசையில் இருந்தது, செடி யன்னலோரம் குளிரில் நின்றது. போதகரின் மனைவி மேரிகிறேஸ், ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல அவளைக் கூப்பிட்டார். வழக்கமாக அருள்மலர், "நல்ல வேலை தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாள். அன்று உட்காரவில்லை.

"நான் செய்யிறது கக்கூஸ் தண்ணி சுத்தம் பண்ணுற வேலை. இவ்வளவு காலமும் வெக்கத்திலை மறைச்சுப்போட்டன். இந்தச் செடியைப் பாருங்கோ. மலை உச்சியிலை, முகிலுக்குள்ளை, இதுக்கும் ஆண்டவர் அந்த வேலையைத்தான் குடுத்திருக்கிறார்" என்று தொடங்கி, பிராணியின் கதை முழுவதையும் சொல்லி முடித்தாள்.

கழுவிய கோப்பையையும் திரும்பக் கழுவிக் குடிக்கிற யோகம்மா அக்கா எழுந்தார். யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போகும் நடைப் பக்கம் போனார். இனி இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டார் என்றே அருள்மலர் நினைத்தாள். ஆனால் வாசற்கதவு திறபடவில்லை. கொஞ்ச நேரத்தில் குளியலறைக்குள் கக்கூஸுக்குத் தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்டது.

யோகம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பழைய இடத்தில் அமர்ந்தார்.

"மலர், உனக்கு வேலை அனுப்பியிருக்கிறன்" என்றார். "அந்தக் கட்லட் தட்டை இஞ்சாலை தள்ளு."