ஏழு மணிப் பெட்டி

கசூபா கரி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். அடுப்பில் களிப்பானை இல்லை. செப்பு முனை வைத்த இரும்புக் கம்பியொன்றைக் கரிக்குள் செருகியிருந்தார். முனை காய்ந்ததும் எடுத்து ஈரத்துணியில் ஒரு இழுப்பு இழுப்பார். பல்லில் கடித்திருந்த ஈயக் கம்பியில் அதைத் தொட்டு, முழங்கால் மேலிருந்த பச்சைப் போர்டில் ஒரு பொட்டு வைப்பார். பிறகு கம்பி மறுபடி கரிக்குள் போகும். காலையிலிருந்து கரண்ட் இல்லை.

"ஈயத்தை வாயில வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றேன்.

"கை ரெண்டுதானே சிஸ்டர் இருக்கு. மூணாவது கை வேணும்னா நீங்க வந்து பிடிங்க."

நான் போய்ப் பிடித்தேன். செப்புச் சுரங்க ஊரான கிட்வேயில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். நாற்பது வருஷம் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கால் அந்த வழியிலேயே போகிறது.

கசூபா சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் மின்வேலை பார்த்தவர். சுரங்கம் கை மாறியபோது ஒரு கடிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே மகன் முசோண்டா ஆறு வயதில் மலேரியாவில் போய்விட்டான். ஆனாலும் இன்றுவரை அவர் முசோண்டா அப்பா, அவர் மனைவி முசோண்டா அம்மா. பேர் மட்டும் பெற்றவர்களிடம் தங்கிவிட்டது.

வேலை போன பிறகு மூன்று மூட்டை சோளமாவு விலையைக் கொடுத்து, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைத் தலைநகர் லுசாகாவிலிருந்து வரவழைத்தார். மனைவி ஃபெலிஸ்டஸ் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. முதலில் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற கருவி செய்தார். அடுத்து முட்டை பொரிக்கும் பெட்டி. அது உண்மையிலேயே பொரித்தது, நாற்பதுக்கு முப்பத்தாறு. பிறகு போனிலிருந்தே திறக்கும் வெளிக்கதவு ஒன்று. அது தானாகத் திறந்து, பக்கத்து வீட்டு ஆடுகள் உள்ளே வந்து கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டுப் போயின.

"உன் கம்ப்யூட்டர் ஆட்டுக்கு நல்லா மரியாதை பண்ணுதுய்யா" என்று தெருவே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். இதிலெல்லாம் அவருக்குக் காசு வரவில்லை. உட்கார ஓர் இடமும் கைக்கு ஒரு வேலையும் கிடைத்தன, அவ்வளவுதான்.

அன்று அவர் முழங்கால் மேல் உருவாகிக்கொண்டிருந்தது மாத்திரைப் பெட்டி.

ஃபெலிஸ்டஸுக்குச் சிறுவயதில் வந்த காய்ச்சலில் இதயத்தின் வால்வு கெட்டுப்போயிருந்தது. போன வருஷம் லேசான பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, சற்று முன் செய்தது நினைவில் நிற்காது. சாப்பிட்டுவிட்டுச் சாப்பாடு கேட்பாள். இதயத்துக்காக அவளுக்கு டிகாக்சின் மாத்திரை நாளுக்கு ஒன்று. அந்த மாத்திரையில் விளையாட்டு ஆகாது. ஒருநாள் தவறி இரண்டு போனால் பிழைக்கலாம். ஒரு வாரம் அப்படிப் போனால், அதுவும் சிறுநீரகம் தளர்ந்த வயதில், இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும்.

அதுவரை கசூபாதான் தன் கையால் கொடுத்து வந்தார். இப்போது சொல்வேசியில் புதுச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை கிடைத்திருந்தது. மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் வீடு. கூட இருந்த மருமகள் பூபே, ஃபெலிஸ்டஸின் அண்ணன் மகள், காய்கறி வியாபாரம் செய்பவள். விடியுமுன் மொத்தச் சந்தைக்குப் போனால் மாலையில்தான் வருவாள். நான் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் போவேன். மற்ற நாளில் ஃபெலிஸ்டஸுக்குச் சரியாக ஒரு மாத்திரை யார் கொடுப்பது? அதற்குத்தான் பெட்டி.

உள்ளே இருபத்தெட்டுக் குழி வைத்த வட்டத் தட்டு. காலை ஏழு மணிக்கு மோட்டார் ஒரு குழி அளவு சுற்றி ஒரே ஒரு மாத்திரையைக் கிண்ணத்தில் தள்ளும். கூடவே கசூபாவின் குரல் பேசும்: "ஃபெலிஸ்டஸ், ஏழு மணி. மாத்திரையைப் போடு. தண்ணி குடி."

முதன்முறை கேட்டபோது ஃபெலிஸ்டஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல இப்பத்தான் மனுஷன் நேரத்துக்கு வீட்டுல இருக்கார்" என்றாள்.

"கரண்ட் போனா?" என்று கேட்டேன்.

"பவர் பேங்க் இருக்கு. எட்டு மணி நேரம் தாங்கும். அட்டவணைப்படி எட்டு மணி நேரம்தானே வெட்டு?"

அது மழை பொய்த்த வருஷம். அணையில் தண்ணீர் இறங்க இறங்கக் கரண்டும் குறைந்துகொண்டிருந்தது. ஆனால் அன்றைய அட்டவணை எட்டு மணி நேரம்தான். அவர் சொன்ன கணக்கு அன்றைக்குச் சரி.

ஒரு திங்கட்கிழமை அவர் சொல்வேசிக்கு பஸ் ஏறினார். செவ்வாயன்று போய் நாடி பார்த்தேன், அறுபத்தெட்டு. வெள்ளியன்று அறுபத்தாறு. தட்டிலும் சரியாக ஐந்து குழி காலி. சனிக்கிழமை லுவன்ஷாவில் என் தங்கை இறந்துபோனாள். ஒரு வாரம் அங்கேயே இருந்துவிட்டேன். ஃபெலிஸ்டஸைப் பார்த்துக்கொள்ள இன்னொருத்தியை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அது என் தவறு.

அந்த வாரத்தில்தான் அட்டவணை செத்தது. நடுராத்திரிக்குப் பிறகு மூன்று மணி நேரம் கரண்ட் வரும், அத்தோடு சரி.

அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தவள் சந்தை வழியாக நடந்தேன். பூபே தக்காளியை அடுக்கிக்கொண்டே கூப்பிட்டாள்.

"சிஸ்டர், எங்க அத்தையை வந்து கொஞ்சம் பாருங்க. நான் நிவாரண மாவுல களி கிண்டுறேனாம். தினமும் திட்டு."

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். "அவங்க சொல்றதுல என்ன தப்பு? கடையில மஞ்சள் சோளத்தைக் கலந்துதானே விக்கிறான்."

எங்கள் ஊரில் களி வெள்ளையாக இருக்க வேண்டும். முந்தைய பஞ்சத்தில் நிவாரணமாகக் கப்பலில் வந்த மஞ்சள் சோளத்தைத் தின்றதை யாரும் மறக்கவில்லை. மஞ்சள் களியைத் தட்டில் வைப்பது அவமரியாதை. இந்த வருஷமும் மஞ்சள் மாவு வந்துவிட்டதென்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் ஃபெலிஸ்டஸ் மாவைக் குறை சொன்னதும் எல்லோரும் மாவைத்தான் பார்த்தார்கள்.

"நீ வாங்கினது வெள்ளை மாவா?"

"பால் மாதிரி வெள்ளை சிஸ்டர். கண்ணு முன்னாடி அரைச்சு வாங்கினது."

"சாப்பிடுறாளா?"

"எங்க? வாயில வச்சா குமட்டுதுங்கறாங்க. நாலு நாளா வாந்தி. வீம்புன்னு நினைச்சேன்."

பையைப் பூபேயின் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு, இந்த முழங்காலோடு எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தேன். டிகாக்சின் அளவு மீறினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும். பயிற்சியில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

ஃபெலிஸ்டஸ் பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள்.

"சிஸ்டர், முடிக்குச் சாயம் போட்டீங்களா? மஞ்சளா இருக்கே."

என் முடி பஞ்சு மாதிரி வெள்ளை. மணிக்கட்டைப் பிடித்தேன். முழு நிமிஷம் எண்ணினேன். முப்பத்தெட்டு. இடையிடையே ஒரு துடிப்பு காணாமல் போனது.

"எத்தனை மாத்திரை போட்டே?"

"அவர் சொல்றப்போ எல்லாம் போட்டேன்."

"எத்தனை தடவை சொன்னார்?"

"காலையில ரெண்டு தடவை. சில நாள் மூணு. அந்த மனுஷன் எப்பவும் சொன்னதையே சொல்ற ஆளுதானே."

தட்டைத் திறந்தேன். அன்றோடு பதின்மூன்று குழி காலியாகியிருக்க வேண்டும். இருபத்து மூன்று காலி.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் நல்லவர். அந்த மாத்திரையை முறிக்கும் மருந்து ஒன்று உண்டென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது எங்கள் ஊரில் கிடையாது. சொட்டு மருந்து ஏற்றினார்கள், இதயத்தைத் தட்டியெழுப்ப ஊசி போட்டார்கள். மீதி காத்திருப்புதான்.

கசூபா ஞாயிறு மதியம் வந்து சேர்ந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. நாடி எண்ணிக்கை, காலிக் குழிகள், அவள் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். நான் கையோடு கொண்டுபோயிருந்த பெட்டியை அவர் ஆஸ்பத்திரி முற்றத்து மரத்தடியில் தன் பழைய மடிக்கணினியோடு இணைத்து, பெட்டி எழுதிவைத்த குறிப்பைத் திறந்தார். எனக்கும் படிக்கத் தெரிந்த வரிகள்தான். செவ்வாய், ஏழு மணி, கொடுத்தாயிற்று. செவ்வாய், ஏழு மணி, கொடுத்தாயிற்று. அடுத்து புதன், ஏழு மணி. அதன் கீழே மறுபடியும் புதன், ஏழு மணி.

அவர் விரலை ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கினார்.

"மூணு மணி நேரத்துல பவர் பேங்க் பாதிகூட ஏறியிருக்காது. மோட்டார் சுத்தினதும் ஒரு நொடி தடுமாறியிருக்கு. போர்டு அணைஞ்சு திரும்ப எழுந்திருக்கு."

"எழுந்தா என்ன?"

"இதுக்குள்ள கடிகாரம் கிடையாது சிஸ்டர். நெட்லதான் மணியைக் கேட்டுக்கும். நெட் இல்லேன்னா கடைசியா குறிச்சு வச்ச நேரம். மணிக்கு ஒரு தடவை குறிக்கும். கடைசியா குறிச்சது ஆறேகால்."

கரண்ட் இல்லாத காலையில் எங்கள் பகுதி செல்போன் டவரும் செத்துத்தான் கிடக்கும். ஏழு மணிக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு அணைந்து எழுந்த பெட்டி மணி ஆறேகால் என்று நம்பியது. முக்கால் மணி நேரம் காத்திருந்து, மறுபடி ஏழானதும் மறுபடி கொடுத்தது. அவர் குரலில் கூப்பிட்டது, அவள் கீழ்ப்படிந்தாள்.

"கடிகாரம் தனியா வச்சா நடந்திருக்காதா?"

"நடந்திருக்காது. நகத்தளவு சில்லு, ஒரு பொத்தான் பேட்டரி. என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு."

"எங்கே?"

"முட்டைப் பெட்டியில" என்றார். "முட்டையை நேரத்துக்குத் திருப்பணுமே."

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு ஃபெலிஸ்டஸ் இறந்தாள். நானும் பூபேயும் உடம்பைத் துடைத்து, கண்ணை மூடி, தாடையைக் கட்டினோம்.

துக்கத்துக்கு வருபவர்கள் உட்கார, இருட்டுவதற்குள் வீட்டுச் சாமானெல்லாம் வெளியே போய்விட்டது. பெண்கள் உள்ளே தரையிலும் ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றியும் உட்கார்ந்தார்கள். மனைவியை இழந்தவன் அடக்கம் முடியும் வரை வீட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. கசூபா மூலையில் போர்வையோடு இருந்தார். நான் தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது என் கையைப் பிடித்தார்.

"சம்பிஷியில இன்னொண்ணு இருக்கு."

"என்ன இன்னொண்ணு?"

"பெட்டி. எங்க பழைய மேஸ்திரி கலுங்கா கேட்டார். சர்க்கரை மாத்திரைக்கு. சொல்வேசி போற வழியில இறங்கிக் கொடுத்துட்டுப் போனேன். அதே மாதிரிதான் செஞ்சது."

"நேத்தே ஏன்யா சொல்லல?"

"அவளைத் தவிர எதுவும் தலையில இல்ல சிஸ்டர்."

கலுங்கா தனியாக இருப்பவர். சர்க்கரை மாத்திரை இரண்டு போனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி ஆள் படுத்த படுக்கையிலேயே போய்விடலாம். போன் செய்து பார்த்தேன், அணைந்திருந்தது. சம்பிஷிக்குக் கடைசி மினிபஸ் போயாகிவிட்டது.

மறுநாள் காலை வெளிச்சம் வருவதற்குள் கசூபா எழுந்து செருப்பைத் தேடினார். நான் மட்டும் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வருவதாகச் சொன்னேன்.

"பேட்டரி உள்ளே திருகி வச்சிருக்கேன். பிடுங்கினாலும் பேசும்" என்றார்.

வாசலில் ஃபெலிஸ்டஸின் தம்பி கட்டோங்கோ மறித்தான்.

"மச்சான், எங்க அக்கா இன்னும் மண்ணுக்குள்ள போகல. எங்க கிளம்பிட்டே? சொல்வேசி வேலை போயிடும்னு பயமா?"

நெருப்பைச் சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க அக்காவைக் கொன்னது நான் செஞ்ச பெட்டி" என்றார் கசூபா. "அதே மாதிரி ஒண்ணு இன்னொருத்தர் வீட்டுல ஓடிக்கிட்டிருக்கு. ஏழு மணிக்குள்ள போகணும். நிறுத்திட்டு வந்து இங்கேயே உட்கார்றேன். அப்புறம் உங்க குடும்பம் என்ன செய்யணுமோ செய்ங்க."

கட்டோங்கோ விலகினான். நெருப்பருகே நீட்டிக்கிடந்த கால்கள் ஒவ்வொன்றாக மடங்கி வழிவிட்டன.

முதல் மினிபஸ்ஸில் போய், ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கலுங்காவின் கதவைத் தட்டினோம். நெடுநேரம் சத்தமில்லை. பிறகு தாழ் நகர்ந்தது. சட்டை வியர்வையில் நனைந்து, சர்க்கரை டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கசூபாவா? நல்ல நேரத்துல வந்தே. நாலு நாளா காலையானா கை நடுங்குது. உன் பெட்டி என்னைத் தூங்கவும் விட மாட்டேங்குது, ஒரே தொணதொணப்பு."

கசூபா உள்ளே போய்ப் பெட்டியைக் கவிழ்த்து நான்கு திருகையும் கழற்றினார். பவர் பேங்கை உருவினார், போர்டைப் பிடுங்கினார். பதினான்கு குழி காலியாக இருக்க வேண்டியது, இருபத்தொன்று காலி. நான் கிழவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கஞ்சி வைத்து, குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மாத்திரை கிடையாது என்று இரண்டு முறை சொன்னேன். மீதி மாத்திரைகளைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒப்படைத்து, கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப்போக ஆள் பிடித்தேன்.

ஒன்பது மணிக்கு வீடு திரும்பினோம். குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டோங்கோ அவர்களிடமிருந்து விலகி எங்களிடம் வந்தான்.

"உயிரோட இருக்காரா?"

"இருக்கார்."

அவன் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினான். கசூபா செருப்பை வாசலில் கழற்றி வைத்து, உள்ளே போய், அந்த மூலையிலேயே உட்கார்ந்தார்.