பரவாயில்லீங்க என்று சொல்லாத எலி

சேலைக்குக் கொசுவம் மடிக்கும்போது வலது கை மட்டும் பின்தங்கியது. நடுக்கம் பிறகுதான் வந்தது; முதலில் மந்தம். பீளமேட்டில் எங்கள் மோட்டார் பட்டறைக்கு மேலேதான் வீடு. வேலை அதிகம், அதனால்தான் என்று நினைத்தேன். காந்திபுரத்து நரம்பு டாக்டர் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். பார்க்கின்சன் (மூளையில் அசைவுக்கான ரசாயனம் குறையும் நோய்) என்றார். அது தொண்ணூறுகளின் பிற்பகுதி.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டரிடம் மரியாதை பார்க்காதீர்கள். நாங்கள் பார்த்தோம். "எப்படி இருக்காங்க?" என்பார் அவர். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "உங்க புண்ணியத்துல பரவாயில்லீங்க" என்பார். வைத்தியம் பார்க்கிறவர் முகத்துக்கு நேரே குறை சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மாத்திரை மாறாது. வீட்டில் நாத்தனார், என் கணவரின் அக்கா, எனக்குச் சேலை கட்டிவிடுவார். ஐம்பதுகூட ஆகாதவளுக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை. என் சேலையை நானே கட்ட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பல வருஷம் கழித்து ஒருமுறை டாக்டரிடம், குணமாகுமா என்று கேட்டேன். வெளிநாட்டில் எலிகளின் மரபணுவை மாற்றி, மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் பகுதி) பழுதானால் என்ன ஆகும் என்று ஆராய்கிறார்களாம். "எலி எப்பத் தடுமாறுது, எந்தக் கால் இழுக்குதுன்னு கூடவே இருந்து பாப்பாங்கம்மா. மருந்து வர நாளாகும்" என்றார் டாக்டர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே நோயை வரவழைத்த எலிக்கு அவ்வளவு கவனிப்பு. அதை முந்திக்கொண்டு பதில் சொல்லக் கணவனும் கிடையாது. டாக்டர் பழைய மாத்திரையையே எழுதப் போனார்.

"எனக்கு நல்லா இல்லீங்க" என்றேன். "மத்தியானத்துக்குள்ள மருந்து தீந்துபோயிருதுங்க. சேலைகூடக் கட்ட முடியறதில்லீங்க."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதை ஏம்மா இத்தனை நாளாச் சொல்லலை?" என்றார் டாக்டர். மாத்திரையைப் பல வேளைகளாகப் பிரித்துக் கொடுத்தார்.

இப்போது எனக்குக் காலை, மாலை கிடையாது. மாத்திரை உடம்புக்குக் கேட்கும் நேரம், கேட்காத நேரம் என்று இரண்டுதான். கேட்கும் நேரத்தில் உடம்பு என்னுடையது. சேலையும் நானே கட்டிக்கொள்கிறேன். நேற்று கொசுவத்தைச் செருகப் போகும்போது விரல்கள் நின்றுவிட்டன.

"ஆச்சா அம்மணி?" கதவுக்கு வெளியே கணவர் கேட்டார். "அக்காவக் கூப்புடட்டுமா?"

"வேண்டாமுங்க" என்றேன். "அடுத்த மாத்திரை கேக்கற வரைக்கும் இப்படியே நின்னுக்கறேன்."