முள்ளிவாய்க்காலில் றெஜினா அக்காவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

முதலில் ஒரு கெஞ்சல். இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷொட் எடுக்காதீர்கள், நல்ல சிநேகிதிக்குக்கூட அனுப்பாதீர்கள். இந்த வலைப்பூவின் கடவுச்சொல் என்னோடு சேர்த்துப் பதினொரு பேரிடம்தான் இருக்கிறது. பதினொரு பேரும் றெஜினா அக்காவிடம் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் சுழியோடப் பழகியவர்கள். இதில் ஒரு பொய்யைப் பற்றி எழுதப்போகிறேன். பொய் சொன்னது நான். ஆனால் இது வெளியே போனால் கெடப்போவது அக்காவின் பெயர். "தாய் தகப்பனுக்குத் தெரியாமல் பிள்ளைகளைக் கடலுக்குள் இறக்கினவள்" என்று சொல்லிவிடுவார்கள். வகுப்பும் நின்றுபோகும். அதனால் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அக்கா இறந்து நாற்பது நாள் தாண்டிவிட்டது. வயது முப்பத்தாறு. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர், தலை இடிக்கிறது என்று சொல்லிவிட்டு நிலத்தில் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்ததாம். அன்று அவர் கடலில் கால்கூட நனைக்கவில்லை. இதை அழுத்தி எழுதுகிறேன்.

செத்தவீட்டுக்கு நம்மில் பாதிப் பேர் வரமுடியவில்லை. பரீட்சை நேரம். நானும் போகவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கும் போகவில்லை. போன கிழமை வவுனியாவிலிருந்தும் பூநகரியிலிருந்தும் சிலர் "எப்படிப் போவது?" என்று கேட்டிருந்தீர்கள். நான் இன்று, சனிக்கிழமை, போய்விட்டு வந்தேன். வீட்டில் புதுக்குடியிருப்புக்கு டியூசன் போவதாகச் சொன்னேன். மத்தியானம் ஒன்றரைக்குள் திரும்பவேண்டும் என்ற கணக்கோடு போனதால் நேரம் எல்லாம் சரியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

உடையார்கட்டுச் சந்தியில் காலை 7.10க்கு பஸ் ஏறினேன். புதுக்குடியிருப்புக்குப் பத்துக் கிலோமீற்றர், எழுபது ரூபா, இருபத்தைந்து நிமிடம். அங்கே முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நிற்கவேண்டியிருந்தது. 8.15க்குத்தான் எடுத்தார்கள். முள்ளிவாய்க்கால் இன்னும் பதினொரு கிலோமீற்றர், எண்பது ரூபா. பூநகரிக்காரர் பரந்தனில் மாறவேண்டும். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு முப்பத்திரண்டு கிலோமீற்றர். காலை முதல் பஸ்ஸை விட்டால் அன்றே வீடு திரும்பலாம் என்று நினைக்காதீர்கள்.

கொண்டக்டர் என் மடியில் இருந்த கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, டியூசன் எல்லாம் புதுக்குடியிருப்போட பின்னால போட்டுது. நீ எங்க போறாய்?"

"முள்ளிவாய்க்கால் அண்ணை. றெஜினா மிஸ் வீட்ட."

"ஆர், சிலிண்டர் அக்காவோ? பாவம், கடல் கொண்டுபோட்டுது."

"கடல் இல்லை அண்ணை. வீட்டில, குசினிக்குள்ள. தலையில நரம்பு வெடிச்சது."

"அப்பிடியே? எல்லாரும் கடல் எண்டுதானே கதைக்கினம்."

"கதைக்கிறவை செத்தவீட்டுக்குப் போகேல்ல."

நானும் போகவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அவர் முன்னால் போய் ட்றைவரிடம், "கடல் இல்லையாம் அண்ணை, தலையாம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. நீங்கள் போகும்போதும் யாராவது கடல் என்று சொல்வார்கள். விடாதீர்கள். அங்கேயே திருத்துங்கள்.

பஸ்ஸால் இறங்கி இடப்பக்கம் கடலை நோக்கி மணல் பாதையில் ஒன்றரைக் கிலோமீற்றர் நடக்கவேண்டும். நிழல் கிடையாது, கடையும் கிடையாது. ஒரு லீற்றர் தண்ணீர் கட்டாயம். நான் அரை லீற்றர் கொண்டுபோய் அரைவழியில் முடித்துவிட்டேன். அக்கா இருந்திருந்தால், "காத்தை இப்பிடிக் குடிச்சுத் தீர்த்தால் நடுக்கடலில என்ன செய்வாய்?" என்று கேட்டிருப்பார்.

அவர் கற்றுக்கொடுத்த விதம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், மறக்கக்கூடாது என்பதற்காக. முதல் நாள் நீந்த விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் சிலிண்டரோடு அடியில் இருத்திவிட்டு, ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொன்னார். "சும்மா இருந்து மூச்சு விடுங்கோ. மூச்சை மட்டும் ஒருநாளும் பிடிக்கப்படாது. பிடிச்சால் மேல வரேக்க நுரையீரல் பலூன்தான்." எனக்கு அந்த ஐந்து நிமிடம் போதவில்லை. தண்ணீருக்கு அடியில் என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள், யாரும் என் பேச்சைக் கேட்டு நீ எந்த ஊர்ப் பக்கம் என்று கேட்கமாட்டார்கள். என் மூச்சு மட்டும் கேட்டது.

நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து உடையார்கட்டில் நிலக்கடலையும் நெல்லும் செய்கிறவர்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நீந்தத் தெரியாது. வகுப்பில் ஒரு கரையோரப் பிள்ளை (நீயும் இதை வாசிப்பாய், பெயர் எழுதவில்லை, பயப்படாதே) "தேயிலை பறிக்கிறவைக்கு என்னத்துக்குச் சிலிண்டர்?" என்று கேட்டாள். அக்காவுக்கு அது கேட்டது. அடுத்த பயிற்சி, காற்று முடிந்துவிட்டதுபோலப் பாவனை செய்து பக்கத்தில் இருப்பவரிடம் காற்றுக் கேட்கும் பயிற்சி. எங்கள் இருவரையும் சோடியாகப் போட்டார். அவள் தன் வாயிலிருந்த குழாயைக் கழற்றிவிட்டு, கழுத்தை வெட்டுவதுபோலக் கையால் காட்டினாள். நான் என்னுடைய இரண்டாவது குழாயைக் கொடுத்தேன். நாலு மூச்சு எடுத்தாள். மேலே வந்ததும் அக்கா கேட்டார்: "எப்பிடி, தேயிலை வாசம் வந்ததோ?" கரையில் நின்ற எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அதன்பிறகு அவள்தான் என் சோடி.

சேமக்காலை, அதாவது அக்காவை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டம், கோயிலுக்குப் பின்பக்கம். 9.05க்கு அங்கே நின்றேன். கத்தோலிக்கக் கல்லறைக்கு முன்னால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன செவ்வரத்தைப் பூவை வைத்து, மூன்று முறை சுற்றினேன். மூன்றாவது சுற்றில் காலில் முள் ஏறியது.

"செருப்போட வரலாம் பிள்ளை. இஞ்ச முழுக்க நெருஞ்சி."

திரும்பிப் பார்த்தால் அக்காவின் கணவர் டொமினிக் அண்ணன், கையில் தண்ணீர் வாளியோடு. நமக்குப் படகு ஓட்டியவர்தான், ஆனால் நம்மோடு பத்து வார்த்தைக்கு மேல் பேசியிருக்கமாட்டார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று சொல்லத் தொடங்கினேன். இரண்டு வசனம்கூட முடியவில்லை, அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"பொறு, பொறு. நீதானே 'அவரு வயலுக்குப் போயிட்டாருங்க'?"

எனக்குக் கால் முள் மறந்துபோனது.

இதுதான் அந்தப் பொய். சிலிண்டர் வகுப்பில் சேரத் தகப்பனோ தாயோ கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும் அல்லவா? அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். அப்பாவின் தொலைபேசி இலக்கம் என்ற இடத்தில் என் இலக்கத்தையே எழுதினேன். மூன்றாவது வகுப்பு முடிந்த கிழமை அக்கா அந்த இலக்கத்துக்கு அழைப்பு எடுத்துவிட்டார். நான் பயத்தில் அம்மாவின் குரலை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுத் தமிழில், அப்பா வயலுக்குப் போய்விட்டார் என்றேன். அக்கா மிக மரியாதையாக, "சரிங்கோ அம்மா. பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிட்டு வரச்சொல்லுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்தார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

"ஸ்பீக்கரில போட்டுக் கேட்டனாங்கள்" என்றார் அண்ணன். "வைச்சாப் பிறகு அவள் அரை மணித்தியாலம் சிரிச்சவள். நாற்பது நாளில இண்டைக்குத்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது." அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் நாலாவது முறையாக இறங்கினீர்கள். பன்னிரண்டு மீற்றர் ஆழம், பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டு. என்னை மட்டும் அக்கா படகிலேயே இருத்தினார். "உன்ர காது இன்னும் சரிவரேல்ல" என்றார். என் காதில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். கரையோரப் பிள்ளை இல்லை என்பதால்தான் ஒதுக்குகிறார் என்று முடிவுகட்டினேன். அன்று கரைக்கு வந்ததும் போயிட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். அதுதான் கடைசி. நாலு நாளில் அக்கா இல்லை.

இன்று நான் போனது பூ வைக்க மட்டும் இல்லை. அந்தப் படிவத்தை எடுத்து வரத்தான் போனேன். யாராவது அதிகாரி கோப்பைத் திறந்தால், என் கள்ளக் கையெழுத்துக்கு அக்காவின் பெயர் அடிபடும். அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய், அலுமாரியிலிருந்து கோப்பை எடுத்து, கதிரையில் இருத்தி, என் படிவத்தைக் கையில் தந்தார். அப்பாவின் கையெழுத்துக்கு, அதாவது என் கையெழுத்துக்கு, பக்கத்தில் பென்சிலால் அக்கா எழுதியிருந்தார்:

"தாயின்ர குரலில பிள்ளையே கதைச்சது. கெட்டிக்காரி. ஞாயிறு வகுப்பு முடிய, வாற கிழமைக்குள்ள உடையார்கட்டுக்குப் போய் தகப்பனைக் காண வேணும். அதுவரைக்கும் ஆழத்துக்கு விடுறேல்ல. பிள்ளைக்குக் காது சரியில்லை எண்டு சொல்ல வேணும்."

அந்தக் கிழமை முடியுமுன்பே அந்த வியாழக்கிழமை வந்துவிட்டது.

நான் அழுததை எழுதப்போவதில்லை. அண்ணன் பால் இல்லாத பிளேன்ரீ போட்டுத் தந்தார், கூடுதல் சீனியோடு. பிறகு சொன்னார்: அக்காவோடு திருகோணமலையில் ஒன்றாகச் சுழியோடப் படிப்பித்த சிநேகிதி அடுத்த சனிக்கிழமை வருகிறார். அக்கா முடிக்காமல் விட்டதை முடித்துக் கொடுப்பார். எனக்கு மிச்சம் ஆழத்துக்கு ஒரே ஒரு முறை இறங்குவதுதான். புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"தகப்பன்ர கையெழுத்தோட வா. இல்லாட்டி வராதை."

"அவர் போடமாட்டார் அண்ணை."

"அப்ப நீ படகில ஏறமாட்டாய். அவள் விடேல்ல, நான் விடுவனே?"

அப்பா ஏன் போடமாட்டார் என்று சொல்லவேண்டும். அவர் இந்தக் கடற்கரையை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். யுத்தத்தின் கடைசி மாதங்களில், கைக்குழந்தையாக இருந்த என்னைத் தோளில் போட்டுக்கொண்டு. அதன்பிறகு அந்தப் பக்கம் பஸ்ஸில்கூடப் போனதில்லை. மீன்கூட அம்மாதான் வாங்குவார். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை, உங்கள் வீடுகளிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த இடத்துக்கே, என்னை உள்ளே விடச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கப்போகிறேன்.

திரும்பும் பஸ் 11.40க்கு வந்தது. வீட்டுக்கு 1.20. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. வவுனியாக்காரர் மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கமாகப் புதுக்குடியிருப்புக்கு வாருங்கள். எல்லோரும் ஒன்பது மணிக்கு முன் சேமக்காலைக்குப் போய்விடுங்கள், பிறகு மணல் சுடும். செருப்பைக் கழற்றாதீர்கள். மெழுகுதிரி கொண்டுபோனால் ஒரு வெறும் பால்மாத் தகரப் பேணியும் கொண்டுபோங்கள், அதற்குள் வைக்காவிட்டால் காற்றில் திரி நிற்காது. சிலுவைக்கு அண்ணன் படகுப் பெயின்ற் அடித்திருக்கிறார், ஒட்டும், சாயாதீர்கள். புரட்டாதி முடிந்தால் கடல் குழம்பிவிடும், சுழியோட நினைக்கிறவர்கள் அதற்கு முன் வாருங்கள். அண்ணனோடு பேசுங்கள். அக்காவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த பகிடி ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வையுங்கள். அவருக்கு அதுதான் தேவை, ஆறுதல் வார்த்தை இல்லை. எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். நான் செய்தது பிழை. வழியில் எனக்கு ஏதாவது நடந்திருந்தால் என்னை எங்கே தேடியிருப்பார்கள்?

நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். இன்னொரு தடவை அவர் கையெழுத்தை நான் போடமாட்டேன், போடத் தெரிந்தாலும். அப்பா நிலக்கடலைக்குப் பன்றிக் காவலுக்குப் போயிருக்கிறார். ஒன்பது மணிக்குச் சாப்பிட வருவார். அக்கா பென்சிலால் எழுதிய பழைய படிவம், புதுப் படிவம், ஒரு பேனை, மூன்றையும் அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அறைக்குள் வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா சொன்னபடி மூச்சைப் பிடிக்கவில்லை. அவர் வந்துவிட்டார். சைக்கிளைச் சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா சோறு போட்டார். பிறகு கோப்பையைத் தள்ளிவைத்துத் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. அடித்தால் அடிக்கட்டும். கிழித்தால் டொமினிக் அண்ணனிடம் இன்னொரு படிவம் கேட்பேன். மறுபடி வைப்பேன். சனிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது. அவர் இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பேன், இதுவரை யாரும் அவரிடம் அந்தக் கடற்கரையைப் பற்றி

கதவு தட்டுகிறது. அப்பாதான். "பாப்பா, கதவத் தொற. இது யாரும்மா, பென்சில்ல எழுதியிருக்கறது? என்னையப் பாக்க வரணும்னு எழுதியிருக்காங்களே."