ஊரில் இல்லாதவரின் நகை

அந்தோனிப்பிள்ளை அண்ணை காலமான செய்தியை அவருடைய மருமகன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வைத்து எனக்குச் சொன்னார். நான் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றேன். "மாமா முந்தநாள் மோசம் போயிட்டார், மனேச்சர். உங்களுக்கு ஆளனுப்ப ஏலாமப் போச்சு" என்றார். அதற்குப் பிறகு காய்க்காரி கேட்ட விலையையே கொடுத்துவிட்டு வந்தேன். ஊர்காவற்றுறையிலிருந்து இடம்பெயர்ந்து ஆளுக்கொரு மூலையில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டியிராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணை கடற்றொழில் செய்தவர். எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர். அதே சங்கத்தில் நகை அடைவு பிடிக்கும் பகுதிக்கு நான் மனேச்சர். எங்கள் பழக்கம் ஒரு சண்டையில்தான் தொடங்கியது. அந்தச் சண்டையில் நான் நின்றது பிழையான பக்கம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சோளகக் காற்று எழுந்தால் எங்கள் கரையில் தொழில் படுத்துவிடும். கடற்றொழில் குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு முல்லைத்தீவுக் கரைக்குப் போய், வாடி என்ற ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கி, மாதக்கணக்கில் மீன் பிடிப்பார்கள். போகுமுன் வலைச் செலவுக்காகப் பெண்களின் நகை சங்கத்துக்கு வரும். தவணை தப்பினால் பதினான்கு நாள் அறிவித்தல் ஒட்டிவிட்டு ஏலத்தில் விற்கலாம் என்பது விதி. தவணை முடிவதோ அவர்கள் வாடியில் இருக்கும் மாதங்களில். எண்பத்துமூன்றில் அப்படி விற்ற நகைகளில் ஓர் இளம் பெண்ணின் தாலிக்கொடியும் இருந்தது. அவள் திரும்பி வந்து காசை மேசையில் வைத்தபோது, கொடி விற்றாயிற்று என்று சொன்னவன் நான். எல்லாம் விதிப்படிதான் நடந்தது என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் கழுத்தில் கட்டியிருந்த வெறும் நூலைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் அண்ணை எழுந்து, ஆள் ஊரில் இல்லாத காலத்தில் நகையை ஏலம் போடக் கூடாது என்று ஒரு பிரேரணை கொண்டுவந்தார். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், காணி பூமி உள்ளவர். "கடன் எடுத்தவன்தான் கவனமாய் இருக்கவேணும். நோட்டீசு ஒட்டினது தானே?" என்றார்.

"ஓம், ஒட்டினது. எங்கை? சங்கச் சுவரிலை. நாங்கள் நிண்டது முல்லைத்தீவிலை. உங்கடை சுவர் பஸ் ஏறி வருமோ, ஐயா?"

சபை சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாம் பிறகு அவருக்கு எதிராகக் கை தூக்கினார்கள். இப்படி இரங்கிக்கொண்டே போனால் சங்கம் மூழ்கிவிடும் என்று நானும் நம்பினேன். நானும் தூக்கினேன்.

மறுநாள் காலை மனிதர் என் மேசைக்கு முன்னால் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் தயாரானேன். "மனேச்சர், நீர் கை தூக்கினதைக் கண்டனான். அது பறவாயில்லை. இனி நீர்தான் எனக்கு அந்த விதியை எழுதித் தரவேணும். ஓட்டை இல்லாமல் எழுதத் தெரிஞ்ச ஆள் இந்த ஊரிலை நீர் ஒராள்தான்" என்றார். இப்படிக் கேட்டால் எந்த மனேச்சர் மாட்டேன் என்பான்? சோளக காலத்தில் தொழிலுக்குப் போன உறுப்பினரின் நகையை அவருக்கு நேரில் அறிவிக்காமல் விற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "சோளகம் எண்ட சொல்லை வெட்டும். தொழிலையும் வெட்டும். ஊரிலை இல்லாத ஆர் எண்டாலும் எண்டு எழுதும். எங்களுக்கு மட்டும் எண்டால் அது எங்கடை சண்டையாப் போகும்." வாக்குக்கு ஆள் எண்ணுவதில் கெட்டிக்காரர் என்றுதான் அன்று நினைத்தேன்.

அடுத்த வருடம் தலைவர் ஒரு வேலை செய்தார். கடற்றொழிலாளர் எல்லாரும் வாடிக்குப் போன பிறகு பொதுக்கூட்டத்துக்கு நாள் குறித்தார். அண்ணை அதற்கும் ஆயத்தமாகவே இருந்தார். நகை வைத்த பெண்களை முன்கூட்டியே பங்குப் பணம் கட்டி உறுப்பினராகச் சேரவைத்திருந்தார். கூட்டத்தன்று முல்லைத்தீவிலிருந்து ஒரு கருவாட்டு லொறி நிறைய அவர்கள் வந்து இறங்கினார்கள். தலைவர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கைகளை எண்ணினார். பிரேரணை நிறைவேறியது. இந்த முறை நானும் ஆதரித்துக் கை தூக்கினேன். வெல்லும் பக்கத்துக்கு மாறிக்கொண்டேன் என்று தலைவர் என்னைப் பல மாதம் குத்திக் காட்டினார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

பிறகு தொண்ணூறு வந்தது. தீவுக்குள் ஆமி இறங்க, ஊர் முழுக்கக் கிளம்பியபோது, சங்கத்துப் பெட்டகத்தில் இருந்த அடைவு நகைகளை நானும் அண்ணையும் இரண்டு பால்மாத் தகரப் பேணிகளில் அடைத்துக் கொண்டுவந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் வைத்தோம். அடுத்த வருடம், மீட்க ஆளில்லாத நகைகளை எல்லாம் விற்றுச் சங்கத்தின் கடனை அடைக்கும்படி கூட்டுறவுத் திணைக்களத்திலிருந்து ஒருவர் வந்து சொன்னார். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூட்டம் நடந்தது. தவணை எல்லாருக்கும் தப்பியிருந்தது. வந்தவர் பட்டியலை வாசிக்கத் தொடங்கியதும் தலைவர் எழுந்தார். அவருடைய தோட்டம், வீடு, பென்சன் புத்தகம் எல்லாம் ஊரில் விட்டது விட்டபடி கிடந்தன. மனைவியின் காப்புகள் பேணிக்குள். "ஊரில் இல்லாத எந்த உறுப்பினரின் நகையும்..." என்று தொடங்கி, அந்த விதியை ஓரெழுத்துப் பிசகாமல் மனப்பாடமாகச் சொன்னார். வந்தவர் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அண்ணை கடைசி வரிசை வாங்கில் இருந்தார். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, "தலைவருக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே, அண்ணை?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்லுறது? இப்ப நாங்கள் எல்லாரும் வாடியிலைதானே, மனேச்சர்."

அதற்குப் பிறகு அவரைப் பலமுறை கண்டேன். ஆனால் சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. மகளின் படிப்புக்காக என் மனைவியின் தாலிக்கொடியையும் எங்கள் சங்கத்திலேயே அடைவு வைத்திருந்தேன். அதுவும் அந்தப் பேணிக்குள்தான் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்கும் கடன் இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கம். சிறுகச் சிறுகக் கட்டிப் போன வருடம்தான் அதை மீட்டேன்.

செத்தவீட்டுக்குப் போக முடியாமல் போனதால், நேற்று இருவருமாக அவருடைய மனைவியைப் பார்க்கக் குருநகருக்குப் போனோம். புறப்படும்போது என் மனைவி வழக்கமாகச் சட்டைக்குள் விடும் கொடியை வெளியே எடுத்துவிட்டாள். "அவையள் காணட்டும்" என்றாள். அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கொடிதான். முதல் கூட்டத்தில் நான் கை தூக்கியபடி நடந்திருந்தால் அவள் கழுத்தில் இன்று ஒரு நூல்தான் இருந்திருக்கும்.