ஏரியை வைத்து வீட்டை அளந்தது

கோட்டைச் சுவரில் விரிசல் கண்ட வருஷம், ஒல்லாந்துத் துரை ஒருவர் நூலில் ஈயக்குண்டைக் கட்டிச் சுவரோரம் தொங்கவிட்டு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கு மூலை மண்ணுக்குள் இறங்குகிறது என்று, அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கோட்டையே இறங்கினால், பக்கத்துக் குப்பத்தில் என் மண்சுவர் வீடு எம்மாத்திரம்?

பள்ளிக்கூடத்தில் கூட்டல் முடிந்து கழித்தல் தொடங்கியபோதே நான் படகேறிவிட்டவன். ஈயக்குண்டும் இல்லை. எனக்குத் தெரிந்த மட்டம் ஏரி ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் தண்ணீரில் நிற்கும் பனங்கம்பத்தில், தண்ணீர் தொடும் இடத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டேன். ஐப்பசி மழை பிடித்தது. வெட்டு தண்ணீருக்குள் போனது. மேலே இன்னொன்று போட்டேன். அதுவும் போனது. கம்பம் இறங்குகிறது, அப்படியானால் மண் இறங்குகிறது, அந்த மண்மேல் நாங்கள் தூங்குகிறோம்.

"சுண்ணாம்புக்குளத்துக்கு உங்க நைனா வூட்டுக்கே போயிடலாம்" என்றேன் மனைவியிடம்.

"ஊர வுட்டுப் போனா பாடு பூடும். அப்புறம் இன்னாத்த துன்றது?"

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் வைத்திருக்கும் முறைதான் பாடு. குடிபெயர்ந்தவனுக்கு அதில் இடமில்லை. எங்கள் அடுப்பு எரிந்ததே அதில்தான். ஆனால் மூழ்கிய வீட்டில் அடுப்பு எரியுமா? ஊர்ப் பெரியவரிடம் போய், பாட்டை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் கம்பத்தைப் பார்க்க வந்தார்.

"கம்பத்த இப்படிக் கொத்தி வெச்சுக்கீற, மரங்கொத்தியாடா நீ?"

"வூடு எறங்குது மாமா. அளந்துகீறேன்."

"முகத்துவாரம் எப்ப மூடிக்கிச்சு?"

"மழைக்கு முன்னாடியே. மண்ணு தட்டிப் பூட்ச்சு. அது மேலதான் நான் வலை காய வெச்சேன்."

"மழைத்தண்ணி கடலுக்குப் போவ வழியில்லாம ஏரி ஏறிக்கினு கீது. நீ இன்னாடான்னா வூட்ட எறக்கிக்கினு கீற."

மனைவி உள்ளேயிருந்து, "நல்லாக் கேளு மாமா" என்றாள்.

பாடு தப்பியது. ஊரே கூடி முகத்துவாரத்து மண்ணை வெட்டிவிட்டோம். தண்ணீர் வடிந்து வெட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. என் கணக்குப்படி வீடு உயர்ந்துகொண்டிருந்தது. அதற்கும் இரண்டொரு நாள் கவலைப்பட்டேன்.

முறை வந்தபோது எனக்கு விழுந்த இடம் கோட்டைக்கு நேர் எதிரே. வலையை இறக்கிவிட்டுக் கிழக்கு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.