மைத்துனன் பார்த்த மேட்ச்

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் துறைமுகக் கால்பந்து அணி என்றால் உயிர். பன்னிரண்டு வருடமாக லீக் பட்டியலின் அடிமட்டத்திலேயே குடித்தனம் நடத்துகிற அணி அது. அந்தப் பன்னிரண்டு வருடமும், மழையோ வெயிலோ, சனிக்கிழமை நான்கு மணிக்குக் கிழக்கு கேலரியின் ஏழாவது வரிசையில் அவர் இருப்பார். வீடு திரும்பினால் மனைவி ஸ்கோர் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்த சீசனில் பத்தொன்பது ஆட்டம் ஆடியும் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. இருபதாவது ஆட்டத்துக்குக் கிளம்பும்போது போன் வந்தது. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டதாம், உள்ளே மூன்று பேர். டிக்கெட் வீணாகக் கூடாதே என்று மைத்துனனிடம் கொடுத்துவிட்டு ஓடினார். மனைவியின் தம்பியான அவன் செல்போன் கடைக்காரன். ஆஃப்சைடு என்றால் என்ன விலை என்று கேட்பவன்.

மொட்டை மாடி மெஷின் அறையில் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டிருந்தபோது மைதானத்துப் பக்கமிருந்து பெரும் இரைச்சல் எழுந்தது. அது கிழக்கு கேலரியின் சத்தம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் சக்கரத்தை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போக வழியில்லை.

மூன்றுக்கு இரண்டு, நம்ம டீம் ஜெயிச்சிருச்சு என்று மைத்துனன் தொண்டை கட்டிப்போய் வந்து சொன்னான். கடைசி நிமிட கோலாம். யார் பாஸ் கொடுத்தது, கோல் எந்தப் பக்கம் என்று கேட்க நாக்கு துடித்தது. அவனிடம் போய்க் கேட்பதா என்று வீம்பாகப் படுத்துவிட்டார். மறுநாள் சார்ஜர் வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனார்.

"அந்தக் கடைசி கோலு, எந்தக் கால்ல அடிச்சான்?"

"தலையால முட்டுனான்னு நெனைக்கிறேன் மாமா. எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க, எனக்கு ஒண்ணும் தெரியல."

பார்க்கத் தெரியாதவனுக்கா அந்த கோல் என்று பொருமியபடி சார்ஜர் வாங்காமலே திரும்பினார்.

அடுத்த சனிக்கிழமை அவனும் ஒட்டிக்கொண்டு வந்தான். கேலரியில் மேளம் அடிப்பவர் அவனை ராசிக்காரன் என்று கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தார். பன்னிரண்டு வருடக்காரர் தூணோரம் ஒதுங்கினார்.

எதிரணி முதல் கோல் போட்டது. அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. இரண்டாவது கோலுக்குச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். மூன்றாவதுக்குச் சுற்றியிருந்தவர்கள் தலையில் கைவைத்தபோது அவருடைய விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவருக்குப் பகீரென்றது. கையை இழுத்து மடக்கிக்கொண்டார்.

இடைவேளையில், கடையைப் பார்க்கணும் என்று மைத்துனன் நழுவினான். மீதி நேரம் முழுக்க அவர் தொண்டை கிழியக் கத்தினார். நான்குக்குப் பூஜ்யம்.

"தம்பி பாதியிலேயே வந்துட்டான். நீங்க இருந்து என்னத்தப் பார்த்தீங்க?" என்றாள் மனைவி.

அவர் தண்ணீர் குடித்துவிட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னார். நம்ம டீம் கோல் வாங்கினதுக்கு நானே சந்தோஷப்பட்டேன் என்றார்.

"அவன் மேல அவ்வளவு பொறாமையா?"

"ஆமா. இன்னும் போகல."

அடுத்த வாரம் தம்பிக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கச் சொன்னாள். அவர் ஒன்றுதான் வாங்கினார்.