வாதாடி வாங்கிய மைக்

கல்லூரிப் பட்டிமன்றங்கள் பலவற்றில் வாகை சூடியவன் நான். சொந்தமாகப் பாட்காஸ்ட் தொடங்க எண்ணி, மைக் வாங்கத் தென்காசிக் கடையொன்றுக்குச் சென்று, 'கண்டென்சர்' வகை மைக் கேட்டேன்.

கடையிலிருந்த இளம்பெண் கேட்டார்: "வீடு எங்கன இருக்குண்ணே?"

"குற்றாலம், அருவிக்குப் போற ரோட்டுல."

"அப்ப விலை கம்மியான இந்த டைனமிக் மைக்கே போதும். வாய்க்குப் பக்கத்துல வச்சுப் பேசுனா வெளிச்சத்தம் அவ்வளவா ஏறாது. நீங்க கேக்குத கண்டென்சர் எல்லாச் சத்தத்தையும் இழுத்துரும்."

நான் விடவில்லை, தரம், நுட்பம் என்று அடுக்கடுக்காக வாதிட்டேன். அவர் அமைதியானார். வென்றுவிட்ட பெருமிதத்தோடு கண்டென்சரையே வாங்கி வந்தேன்.

மறுநாள் மாலை முதல் பகுதி வெளியாகும் என்று நண்பர்கள் அனைவருக்கும் அறிவித்திருந்தேன். காலையில் பதிவு செய்து கேட்டால், சாலையோரம் மங்குஸ்தான் விற்பவரின் குரல் என் குரலைவிடத் தெளிவாக ஒலித்தது. தலைகுனிந்து கடைக்குத் திரும்பினேன்.

பதிவைக் கேட்ட அந்தக் கடைப்பெண் சிரித்தார். "பழக்கார அண்ணாச்சி உங்கள விட நல்லாப் பேசுதாவ." பிறகு, "பெட்டி பிரிச்சா நாங்க திருப்பி எடுக்க மாட்டோம். பரவால்ல, மாத்தித் தாரேன், கொண்டாங்க" என்றார்.

சொன்னபடி மாலையில் முதல் பகுதி வெளியானது.

எதிரிலிருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டால் அதுவே வெற்றி என்று பயின்றவன் நான். அவரோ, "நான் அப்பமே சொன்னேம்லா" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இன்றும் அவருக்கு மனதார நன்றி சொல்கிறேன்.